தா என்று கேட்க ஓர் இடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. "அது எப்படிம்மா அப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டுக்கொண்டேதான் எழுந்திருப்பாள். வள்ளுவரோடு சண்டை, இளங்கோவோடு சண்டை, அவர்களுக்கு வக்கீலாக நிற்கும் என்னோடு சண்டை. மதியத்துக்குப் பிந்தைய வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவழியும்போது அவள் குரல் ஒன்றே அறையை விழிக்கவைக்கும்.

அந்த ஆண்டு அவளால் பருவக் கட்டணம் கட்ட முடியவில்லை. சுயநிதிப் பிரிவு. அம்மா பீடி சுற்றுகிறவர். தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். எடுத்துத்தான் உட்காரவைக்க வேண்டும், ஊட்டித்தான் விட வேண்டும். கேரளத்துக்கு வேலைக்குப் போன அப்பா முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினார், பிறகு ஃபோன் எண்ணை மாற்றினார். ஆசிரியர்கள் நாங்கள் பணம் திரட்டினோம். முன்னின்றவள் நான். உள்ளூரில் நற்பணிகள் செய்யும் ஓர் அமைப்பும் ஒரு தொகை தர முன்வந்தது. ஆண்டு விழா மேடையில் வைத்துக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் ஓர் ஊக்கமாக இருக்குமே என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் மேடைக்கு வந்தாள். உறையை வாங்கினாள். புகைப்படக்காரர் இன்னொரு முறை வாங்கச் சொன்னார், வாங்கினாள். நன்றி என்று மெல்லச் சொன்னாள். மைக்கில் சொல்லம்மா என்றார் தொகுப்பாளர், மைக்கில் சொன்னாள். நாங்கள் கை தட்டினோம்.

அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் அவள் வகுப்பில் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். கடைசி வாரத்தில் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்ககிட்ட காசு வாங்கிட்டு ஒங்களையே எதுத்துப் பேசுனா நல்லாவாம்மா இருக்கும்?"

கட்டணத்தைக் கொடுத்து அவளுடைய கேள்விகளை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. நன்றி என்ற ஒன்றே அந்த வேலையைச் செய்திருந்தது.

உதவி பெறுகிறவள் எதையும் இழக்காமல் உதவி பெற முடியுமா? கொடுப்பவரின் பெருமையைப் பற்றி நம்மிடம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வாங்குகிறவளின் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

*

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் மூன்று சிறிய சொற்களைப் பற்றி ஒரு விதி உண்டு. ஈ, தா, கொடு. மூன்றையும் ஒரே பொருளில் நாம் இன்று பயன்படுத்துகிறோம். தொல்காப்பியர் பிரித்துவைக்கிறார். மூன்றுமே இரக்கும்போது, அதாவது ஒன்றைக் கேட்கும்போது சொல்லும் சொற்கள். தன்னைவிட உயர்ந்தவனிடம் கேட்கும் தாழ்ந்தவன் ஈ என்பான். ஒத்தவனிடம் ஒத்தவன் தா என்பான். தாழ்ந்தவனிடம் உயர்ந்தவன் கேட்கும்போது கொடு என்பான்.

மாணவிகளுக்கு இதை நடத்தும்போது இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டுவேன். முதலாவது, எல்லோரும் கேட்கிறார்கள். உயர்ந்தவனுக்கும் கேட்கும் சொல் ஒன்றை இலக்கணம் வைத்திருக்கிறது. கேட்பது ஏழைகளின் குணம் என்று அது நினைக்கவில்லை. கேட்பதில் இழிவு இல்லை. எந்தச் சொல்லால் கேட்க வைக்கப்படுகிறோம் என்பதில்தான் இழிவு இருக்கிறது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கொடு என்பது படர்க்கைக்கு உரிய சொல். எனக்கு, உனக்கு என்னும் இடங்களில் தா வரும். அவனுக்கு என்னும் இடத்தில் கொடு வரும். அப்படியானால் உயர்ந்தவன் தனக்குக் கேட்கும்போது எப்படிக் கொடு என்று சொல்லலாம்? தன்னையே வேறொருவன்போல வைத்துப் பேசுகிறான், அதனால் பொருந்தும் என்று இலக்கணம் விளக்கம் சொல்கிறது. எனக்கு வேண்டும் என்று சொல்லாமலே கேட்டுவிடும் வசதி உயர்ந்தவனுக்கு உண்டு.

இந்த மூன்று பேரில் பெண் எங்கே இருக்கிறாள்? இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் மூவரும் ஆண்பால். ஆனால் நம் தெருக்களில் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரேஷன் கடையில், சங்கக் கூட்டத்தில், வட்டிக்காரர் வாசலில், பள்ளிக்கூட அலுவலகத்தில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். அங்கே அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். "பிள்ளைக்குப் பால் வாங்கணும்." "அவருக்கு மேலுக்கு முடியல." "மாமியாருக்கு மாத்திரை தீந்துபோச்சு." எனக்குப் பசிக்கிறது என்று ஒரு பெண் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. அவளும் உயர்ந்தவனைப் போலவே படர்க்கையில்தான் கேட்கிறாள். ஒரே வேறுபாடு: அவன் தன்னைக் காட்டிக்கொள்ள அவசியமில்லாததால் அப்படிக் கேட்கிறான், அவள் தனக்கென்று கேட்க அனுமதியில்லாததால் கேட்கிறாள்.

நலிந்த குடும்பங்களுக்கு உதவி என்று நாம் சொல்லும்போது குடும்பம் என்பது ஒரே வாயும் ஒரே வயிறும் கொண்ட ஒரு பிராணி அல்ல என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு வீட்டுக்குள் போகும் அரிசி எல்லா இலைகளுக்கும் ஒரே அளவில் போவதில்லை என்பது நம் ஆச்சிகளுக்குத் தெரியும். கடைசியில் உண்பவள் சட்டியைச் சுரண்டும் சத்தம் எல்லா வீடுகளிலும் கேட்கும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் குடும்பத்துக்குள் ஒத்துழைப்பும் முரண்பாடும் சேர்ந்தே இருக்கின்றன என்று எழுதினார். தன் நலம் எது என்பதே ஒரு பெண்ணின் மனதில் தெளிவாக இல்லாமல் போகும்போது பங்கீட்டில் அவள் பின்தங்குகிறாள் என்பது அவருடைய வாதம். குடும்பத்தைத் தாங்கும் எந்த அறமும் வாசலோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

*

பண்பொழியில் நான் வளர்ந்த தெருவில் அறக்கட்டளை எதுவும் கிடையாது. திருமலைக் கோவிலுக்குப் போகிறவர்கள் வருவார்கள், அன்னதானம் நடக்கும், அவ்வளவுதான். ஆனால் யார் வீட்டிலும் உலை வைக்காமல் இருந்ததாக நினைவில்லை. அதற்குக் காரணம் ஓர் அரைப்படி.

அம்மா என்னை அந்தப் படியோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்புவாள். "மதினி, அரைப்படி அரிசி குடுத்துவிடுங்க, சனிக்கிழமை தாரேன்னு அம்மா சொன்னா." அவர்கள் தலைதட்டி அளந்து கொடுப்பார்கள். சனிக்கிழமை பீடிக் கடையில் கூலி வாங்கியதும் அம்மா திருப்பிக் கொடுப்பாள். வாங்கும்போது தலைதட்டி, கொடுக்கும்போது கூம்பாக. அடுத்த வாரம் அந்தப் படி எதிர்த்திசையில் வரும். சாரல் காலத்தில் நாற்று நடவு முடிந்து வேலை இல்லாத நாட்களில் அது தெரு முழுவதும் அலையும். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அதே மதினியோடு அம்மா குழாயடியில் சண்டை போடுவாள். அன்று மாலையே படி போகும்.

இதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி அதே அளவில் எதிர் கொடுப்பது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லைக் கொண்டுவருகிறார். இல்லாதவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை; மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கும் குறியெதிர்ப்பை போன்றது என்பது அவர் கருத்து. அங்கே அந்தச் சொல் ஒரு படி கீழே வைக்கப்படுகிறது. கொடுப்பவரின் தூய்மையை அளக்க நினைக்கும் ஒருவருக்கு அது சரியான முடிவு. எதிர்பார்ப்பில்லாமல் கொடுப்பவர் உயர்ந்தவர்தான்.

ஆனால் அளவுகோலை வாங்குகிறவளின் கையில் கொடுத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. திருப்பிக் கொடுக்க முடிகிற கடன் அவளுடைய முதுகை நிமிர்த்திவைக்கிறது. திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லும் ஈகை அவள் தலையைக் குனியவைக்கிறது. என் அம்மா குழாயடியில் சண்டை போட முடிந்ததற்கும் என் மாணவி வகுப்பில் பேச முடியாமல் போனதற்கும் இடையே உள்ள தூரம் அந்த அரைப்படியின் தூரம்தான்.

புறநானூற்றின் 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் பரிசிலோடு வீடு திரும்பி மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பியவர்களுக்குக் கொடு, நீ விரும்பியவர்களுக்குக் கொடு, நம் பசி தீரக் குறியெதிர்ப்பையாகத் தந்து உதவியவர்களுக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம் என்கிறார். அந்தப் பாட்டைப் புலவரின் வள்ளன்மைக்குச் சான்றாகவே பாடம் நடத்துகிறோம். எனக்கு அதில் தெரிவது வேறொன்று. அவர் பரிசில் தேடி ஊர் ஊராக அலைந்த நாட்களில் அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது அக்கம்பக்கத்துப் பெண்களின் படிகளால். மன்னன் குமணன் கொடுத்தது பாட்டாயிற்று. அவர்கள் கொடுத்தது அந்தப் பாட்டில் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

*

அரைப்படியைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்தினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அந்தப் படிக்கு ஓர் எல்லை இருந்தது. திருப்பித் தர முடியாதவர்கள் வீட்டு வாசலுக்கு அது போகாது. எங்கள் தெருக் கடைசியில் ஒருவர் இருந்தார், புருஷன் இறந்தவர், மகனுக்கு மனவளர்ச்சி இல்லை. இரண்டு மூன்று முறை படி போய்த் திரும்பாமல் இருந்தபின், "அவ கேட்டா இல்லைன்னு சொல்லிரு" என்று எங்கள் வீட்டிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தத் தெருவுக்குப் படி போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதில் சாதியும் இருந்தது. ஒப்போரிடம் மட்டுமே தா என்று கேட்கலாம் என்றால் ஒப்போராக ஏற்கப்படாதவர்கள் யாரிடம் கேட்பது?

அங்கேதான் ஈகை தேவைப்படுகிறது. அங்கேதான் அதன் ஆபத்தும் தொடங்குகிறது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை இந்த ஆபத்தின் கதையாக நான் படிக்கிறேன். மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபியால் எடுக்க எடுக்கக் குறையாமல் உணவிடுகிறான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. பாண்டிய நாட்டில் நல்ல மழையைப் பெய்வித்துவிடுகிறான். விளைச்சல் பெருகுகிறது, பசித்தவர்களே இல்லை. ஆபுத்திரன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பசித்தவர்களைத் தேடி அலைகிறான். கடைசியில் மணிபல்லவத்தில் தனித்து நின்று, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். பசி தீர்ந்தது என்று அவனால் மகிழ முடியவில்லை. சாத்தனார் அவனைப் பழிக்கவில்லை, நானும் பழிக்கவில்லை. ஆனால் நல்ல மழை பெய்தால் துக்கப்படும் அறம் எங்கோ திசைமாறியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நம் ஊர்களில் இதைப் பார்த்தோம். பீடிக் கடைகள் மூடிக்கிடந்தன, பெண்களிடம் காசில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் போட்ட பைகள் வந்தன. அவை இல்லாமல் பலர் பட்டினி கிடந்திருப்பார்கள்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பைக்கு ஐந்து பேர் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டதும் உண்மை. அந்தப் படங்களில் வாங்குகிற பெண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்கள். என் மாணவியின் மேடைப் படமும் அப்படித்தான் இருக்கிறது. அது இன்னும் என்னிடம் உள்ளது. அழிக்க மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் மறுபடி கிடைக்கும்போது சாத்தனார் ஒரு திருத்தம் செய்கிறார். அது சுரக்க வேண்டுமென்றால் முதலில் ஒருத்தியிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆதிரை இட்ட பிச்சைக்குப் பிறகே அது பெருகுகிறது. அமுதசுரபியும் ஒரு திருவோடுதான், வாங்கிய பிறகே கொடுக்கிறது. கொடுக்க வருகிறவளுக்கு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

*

வாங்கத் தெரிந்தவர்கள் தொடங்கிய ஓர் அமைப்பு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். ச. ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975இல், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் உடற்திறன் சோதனையில் முதுகுத்தண்டில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில், 1981இல், தன் சொந்த ஊரில் ஒரு சிறிய பள்ளியாக அதைத் தொடங்கினார். அது ஐ.நா. அறிவித்த மாற்றுத்திறனாளிகள் ஆண்டு. பின்னால் தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். இன்று பள்ளி, இயன்முறைச் சிகிச்சை, தொழிற்பயிற்சி, கிராமங்களில் மறுவாழ்வுப் பணி என்று விரிந்திருக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அவர்களுடைய பணிகளில் என் கேள்விக்கு நெருக்கமானது ஒன்றுதான். சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்கிறார்கள். அந்தந்தப் பகுதியில் பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கு வருகிறார். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது, விழுங்க முடியாத பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது என்று தாயோடு தரையில் அமர்ந்து செய்துகாட்டுகிறார்.

இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஒரு தாய்க்கு அது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி, காத்திருந்து, திரும்பி வந்தால் அன்றைக்குப் பீடி இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு நாள் என்பது எண்ணிக்கை. இலவசச் சிகிச்சை என்று பலகையில் எழுதியிருக்கும். அவளுக்கு அதன் விலை ஒரு நாள் கூலியும் பேருந்துச் சத்தமும். வீட்டுக்கு வருகிற உதவி அந்த விலையைக் குறைக்கிறது. அதைவிட முக்கியம், தன் வீட்டில், தன் பீடித் தட்டு அருகில் இருக்கும்போது அவள் "இப்ப வேண்டாம், நாளைக்கு வாங்க" என்று சொல்லலாம். அலுவலகத்துக்குப் போனால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்த பயிற்சியை நாள்தோறும் செய்யப்போகிறவள் யார்? அதே தாய். ஆய்க்குடியில் மட்டுமில்லை, உலகில் எங்கே சமூகம் சார்ந்த மறுவாழ்வு நடந்தாலும் அது வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் கூலியில்லாத உழைப்பின் மேல்தான் நிற்கிறது. உதவி வந்தபிறகு அவளுடைய வேலை அதிகமாகிவிடக்கூடும். நல்ல உதவிக்கும் இந்த நிழல் உண்டு.

அமெரிக்கத் தத்துவவாதி ஈவா கிட்டே இந்த நிழலைப் பற்றித்தான் 1999இல் தன் புத்தகத்தை எழுதினார். அவருடைய மகள் செஷா கடுமையான அறிவுசார் மாற்றுத்திறனுடன் பிறந்தவர். சமமானவர்கள் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக நீதியைப் பேசும் தத்துவங்களில் திருப்பித் தரவே முடியாத தன் மகளுக்கு இடமில்லை என்று கண்டார். மகளைப் பார்த்துக்கொள்வதாலேயே எதையும் சேர்த்துவைக்க முடியாமல் போகும் தாய்க்கும் இடமில்லை. அவர் சொன்ன வழி: பராமரிப்பவளைப் பராமரிக்க ஒருவர் வேண்டும், அவரைத் தாங்க ஊரும் அரசும் வேண்டும். பிரசவித்தவளுக்குத் துணைநிற்கும் பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஒரு பெயரும் உருவாக்கினார்.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் வீட்டுப் பேறுகாலம். அம்மா மகளுக்குப் பேறுகாலம் பார்க்கிறாள். காயம் இடித்துக் கொடுக்கிறாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், மகளைத் தூங்கவிடுகிறாள். மகள் அந்தக் கடனை அம்மாவுக்குத் திருப்பித் தர முடியாது. தன் மகளுக்குத்தான் தருவாள். மகள் இல்லாதவள் தங்கை மகளுக்குச் செய்வாள். குறியெதிர்ப்பைதான், ஆனால் எதிர் என்பது கொடுத்தவரை நோக்கித் திரும்பாமல் முன்னால் போகிறது. இதில் நன்றி கேட்கும் அம்மாவை நான் பார்த்ததில்லை. "நான் பார்த்தேன்ல, நீயும் பாரு" என்பதோடு முடிந்துவிடும்.

திருப்பித் தர முடியாத இடத்திலும் சமமாக நிற்கலாம் என்பதற்கு நம் வாழ்விலேயே மாதிரி இருக்கிறது. அதை ரத்த உறவுக்குள்ளும் பெண்களின் முதுகின் மேலும் மட்டும் வைத்திருக்கிறோம் என்பதுதான் குறை.

*

இதற்கெல்லாம் உரிமைதானே தீர்வு, எதற்குத் தருமம் என்று தோழிகள் கேட்கிறார்கள். பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன். நான் பண்பொழியில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து என் தட்டுக்கு வந்தது. யாருக்கும் நாங்கள் நன்றி சொன்னதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று ஆயாவிடம் சண்டை போட்டிருக்கிறோம். வரிசையில் உட்கார்ந்தால் யார் ஏழை என்று தெரியாது, எல்லோருக்கும் ஒரே கரண்டி. சாம்பாரைக் குறைசொல்ல முடிந்த அந்தச் சுதந்திரம்தான் உரிமையின் ருசி என்று இப்போது புரிகிறது.

2023 செப்டம்பர் 15 அன்று பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் தொடங்கியபோது அரசு அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. தொகையைப் பற்றி விமர்சனம் இருக்கலாம். குடும்பத் தலைவி என்ற சொல்லைப் பற்றி எனக்கே இருக்கிறது. ஆனால் உதவி என்பதை எடுத்துவிட்டு உரிமை என்று வைத்தது இலக்கணத்தில் ஈ என்பதைத் தா என்று மாற்றியது போல. எங்கள் தெருவில் ஒருவர் பணம் வரவில்லை என்று வங்கியில் போய்ச் சத்தம் போட்டார். முன்பு முதியோர் உதவித்தொகை நின்றபோது அழுதவர் அவர்.

ஆனால் உரிமையும் ஒரு சன்னல் வழியாகத்தான் வந்து சேர்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஊனத்தின் அளவைக் குறிக்கும் சான்றிதழ் வேண்டும், அட்டை வேண்டும், அதற்கு மருத்துவர் குழு கூடும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தாய், சட்டம் என்ன சொன்னாலும், "ஐயா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றுதான் சொல்கிறாள். உரிமையையும் ஈ என்னும் சொல்லால் கேட்கவைக்கும் இடம் அது. அந்தச் சன்னல் வரை கூட வந்து, "இது இவங்களுக்குச் சேர வேண்டியது, தாங்க" என்று சொல்லும் ஆள் வேண்டும். ஓர் உள்ளூர் அமைப்பு செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். பையைக் கொடுப்பதைவிடக் கடினமானது, படத்தில் அழகாக வராதது.

உரிமை வந்த பிறகும் தீராத ஒன்று உண்டு. இரவில் பிள்ளையைப் புரட்டிப் போடச் சட்டம் வராது. ஒரு மனிதர்தான் வர வேண்டும். ஆகவே உரிமையா, தருமமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். உரிமை தரையாக இருக்கட்டும். அதன் மேல் நின்று ஒருவருக்கொருவர் செய்துகொள்வது படியாகவும் பேறுகாலமாகவும் இருக்கட்டும்.

*

இப்போது ஓர் உதவி நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான். வாங்கிய பெண் மறுநாள் நம்மோடு சண்டை போட முடிகிறதா? அரிசி புழுத்திருக்கிறது என்று சொல்ல முடிகிறதா, பயிற்சிக்கு வர முடியாது என்று மறுக்க முடிகிறதா, நம் கருத்து தப்பு என்று எழுந்து நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் நாம் கொடுத்ததைவிட அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள். உடனே தெரிந்தது, இதுவும் நான் அவளிடம் கேட்டு வாங்கியதுதான் என்று. என் மனம் ஆறுவதற்காக அவள் இன்னொரு முறை பெருந்தன்மையாக இருக்க வேண்டியிருந்தது.

பின்னால் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தங்கைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ஒரு பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து நீட்டினார். "அய்யோ, எதுக்குங்க, பிள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கொடுப்பதை வேண்டாம் என்பது உயர்ந்த குணம் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அது கொடுக்கும் வழக்கமுள்ளவர்களுக்கான அறம். வாங்கியே தீர வேண்டியவள் ஒரு நாள் கொடுக்க வரும்போது மறுப்பது அவளை மறுபடி கீழே உட்காரவைப்பது. கை நீட்டி வாங்கிக்கொண்டேன். உப்பு தூக்கலாக இருந்தது. அடுத்த முறை போனபோது அதைச் சொன்னேன். "ஒங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கும், அதான்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்பினேன். ஒரு பெண்ணின் இல்லாமையைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதினால் நானும் அந்தப் புகைப்படக்காரர்தான். இப்போது முதுகலை படிக்கிறாள். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மூன்றாவதாக ஆபுத்திரனை நான் படித்த விதம் தப்பு என்றாள். பசித்தவர் இல்லாததால் அவன் வருந்தவில்லை, தன்னால் இனி யாருக்கும் பயனில்லை என்றுதான் வருந்தினான், அதில் என்ன தவறு, பயனில்லை என்று ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் பேசினோம். இன்னும் முடியவில்லை.